அம்பாசிடர் நின்னுபோச்சு, கணக்கு யார் தலையில?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர். அதில் நாலு பேர் வீட்டில் த்ரீவீல் ஓடுது. ஒருத்தருக்கு அப்பா, ஒருத்தருக்கு அண்ணன், ஒருத்தருக்கு மாமா. நாலாவது ஆள் தானே ஓட்டிக்கிட்டு, கிடைக்கிற நேரத்தில் வெளிவாரிப் பட்டமும் படிக்கிறார். மஸ்கெலியாவுல இது ஒன்னும் விசேஷமில்ல. தோட்டத்துல பேர் போடாம வெளியில வர்ற ஆம்பளைப் பிள்ளைகளுக்குக் கொழும்புக் கடை, இல்லன்னா த்ரீவீல், இந்த ரெண்டுதான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியுது. அதனால "இந்த வண்டிக்கே காலம் முடிஞ்சிட்டா என்ன நடக்கும்?" என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பேச்சு இல்லை. அடுத்த மாசத் தவணை சம்பந்தப்பட்ட கேள்வி.

பதிலைத் தேடினப்போ, ஏற்கனவே காலம் முடிஞ்சுபோன ஒரு டெக்சியின் கதை கைக்கு வந்தது. இந்தியாவின் அம்பாசிடர்.

அது எங்களுக்கு முழுக்க அந்நியமான வண்டியும் இல்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கணும்னு எழுதினாங்க. ஹட்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியா நீலகிரிக்குப் போன குடும்பங்கள் மஸ்கெலியாவைச் சுத்தி எத்தனையோ. போன இடத்திலும் பலர், தமிழ்நாட்டு அரசு இவங்களுக்காகத் தொடங்கின டேன்டீ தோட்டங்கள்ல திரும்பவும் கொழுந்துதான் பறிச்சாங்க. அவங்க அனுப்பின கல்யாணப் படங்கள் எங்க வீட்டு அல்பங்கள்ல இன்னும் இருக்கு. மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக் கார் மாலையோட நிக்கும். உருண்டை மூக்கு, உருண்டை முதுகு. "அங்க உள்ள டெக்சி" என்று அம்மாயிமார் விரல் வச்சுக் காட்டுவாங்க.

அந்தக் காரின் பிறப்பு இங்கிலாந்தில். மொரிஸ் கம்பனியின் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3 என்ற மாடல்தான் அதன் மூலம். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948ல் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்தது. 1957ல் ஒக்ஸ்போர்டின் வடிவத்தை வாங்கி அம்பாசிடர் என்று பேர் வச்சுச் செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்தில் அந்த மாடல் 1959ல் நின்றுவிட்டது. இந்தியாவில் 2014 வரைக்கும் ஓடினது. முன் கிரில் மாறுச்சு, இன்ஜின் மாறுச்சு, டீசல் வந்தது. உடம்பு மட்டும் ஏறக்குறைய அதே உடம்பு.

ஐம்பத்தேழு வருஷம் ஒரே உடம்போட ஒரு கார் எப்படி நின்னு பிடிச்சது? நல்ல கார் என்பதால் மட்டும் இல்லை. வேற கார் வாங்க வழியில்லை என்பதாலும்தான். அந்தக் காலத்து இந்தியாவில் யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசாங்க லைசன்ஸ் தீர்மானிச்சது. வெளிநாட்டுக் காருக்குக் கதவு மூடியிருந்தது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் ஃபியட்டைச் செய்த பிரிமியர், மெட்ராஸில் ஸ்டேண்டர்ட், இந்த மூணு கம்பனிதான் சந்தை. பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். காத்திருக்கிற ஆளுக்கு எதுக்குப் புது மாடல்? கம்பனி அப்படித்தான் யோசிச்சிருக்கும். அதுக்கு மேல ரெண்டு நிரந்தர வாடிக்கை இருந்தது. ஒன்னு அரசாங்கம், வெள்ளை அம்பாசிடரில் சிவப்பு விளக்கு வச்சுக்கிட்டு. இன்னொன்னு டெக்சி.

டெக்சிக்காரர்கள் அதை விரும்பினதுக்குக் காரணங்களும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. பின் சீட்டுல மூணு பேர் தாராளமா இருக்கலாம், குடும்பம்னா அஞ்சு பேரும் இருப்பாங்க. கூரையில கெரியர் போட்டா கல்யாணச் சாமானே ஏறும். குழி ரோட்டைத் தாங்கும். எந்தச் சின்ன ஊரிலும் ஒரு ஸ்பானரோட உக்காந்திருக்கிற மெக்கானிக்குக்கு அதைப் பிரிக்கவும் பூட்டவும் தெரியும். எங்க ஊர் மெக்கானிக் பாஸ்மாருக்கு த்ரீவீல் எப்படியோ, அப்படி.

போன வருஷம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு எங்கள்ல ரெண்டு பேர் கோத்தகிரி போயிருந்தோம். மேட்டுப்பாளையத்துல இருந்து மேல கூட்டிட்டுப் போன டெக்சி அண்ணன் முன்னாடி பதினாறு வருஷம் அம்பாசிடர் ஓட்டினவர். "அந்த வண்டிய நெனச்சா ஏக்கமா இருக்காண்ணே?" என்று கேட்டோம். கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கை ஒரு கையால திருப்பிக்கிட்டே சிரிச்சார். "ஏக்கம் எல்லாம் பின்னாடி உக்காந்து வந்தவங்களுக்குத் தம்பி. எனக்கு ரெண்டு தோள்பட்டையும் போச்சு. சாயங்காலம் சோத்தைப் பெசையக் கை வராது. டீசலுக்குக் குடுத்தது போக வீட்டுக்கு என்ன கொண்டுபோனேன்னு என் பொண்டாட்டியக் கேளு."

அம்பாசிடரைப் பத்தி இணையத்துல வர்ற உருக்கமான கட்டுரைகள்ல இந்தத் தோள்பட்டை வராது. அவற்றை எழுதுறவங்க அநேகமா பின் சீட்டுல வந்தவங்க.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அரசாங்கமும் ஜப்பானின் சுசுகியும் சேர்ந்து செய்த சின்னக் கார். பாரம் குறைவு, பெற்றோல் குறைவு, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகும். குடும்பக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போனாங்க. 1991க்குப் பிறகு பொருளாதாரக் கதவு திறந்து வெளிநாட்டுக் கம்பனிகள் வரிசையா வந்தது. 1998ல் டாட்டா இண்டிகா வந்ததும், அதன் டீசல் மாடல் டெக்சி ஸ்டேண்டுக்குள்ளேயே நுழைஞ்சது. அம்பாசிடருக்கு மிச்சமிருந்த ஒரே கோட்டை அதுதான். பிறகு 2010ல் ஓலா, 2013ல் ஊபர். கூப்பிடுற ஆளுக்கு ஏசி வேணும், டிரைவருக்கு லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூட ஓடணும். அம்பாசிடரால ரெண்டுக்கும் ஈடுகொடுக்க முடியலை.

எண்களைப் பார்த்தா இன்னும் தெளிவாகும். 1980களின் நடுவில் வருஷத்துக்குச் சுமார் 24,000 அம்பாசிடர் வித்தது. 2013-14ல் 2,500ஐக்கூடத் தொடலை. இதில ஒரு வேடிக்கை, 2013ல்தான் பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சி உலகத்திலேயே சிறந்த டெக்சி என்று அம்பாசிடரைத் தெரிவு செய்தது. மறு வருஷம், 2014 மே 24, உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைப்பு அறிவித்தல் ஒட்டினாங்க. உற்பத்தி குறைவு, ஒழுங்கு இல்லை, பணம் இல்லை, காருக்குக் கேள்வி இல்லை என்று கம்பனி காரணம் சொன்னது. கேட்டுக்கு வெளியில நின்னது 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள்.

இந்த இடத்துல எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் வந்தது. "போட்டி வந்தது, கம்பனி விழுந்தது, இதுல என்ன அநியாயம்?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாருதி வரலைன்னா அந்தக் கோத்தகிரி அண்ணனோட தோள்பட்டை இன்னும் மோசமாப் போயிருக்கும். எங்களோட பிரச்சினை போட்டி இல்லை. போட்டி இல்லாத முப்பது வருஷத்துல வந்த இலாபம் யாருக்குப் போச்சு, போட்டி வந்த பிறகு வந்த நட்டம் யார்கிட்ட வந்தது என்பதுதான். 2017ல் அம்பாசிடர் என்ற பேரை மட்டும் பிரெஞ்சுக் கம்பனியான பியூஜோவுக்கு 80 கோடி இந்திய ரூபாவுக்கு வித்தாங்க. காரே இல்லாம பேருக்கு 80 கோடி. கொல்கத்தாவில் மஞ்சள் அம்பாசிடர் வச்சிருக்கிற டிரைவர்கிட்ட விக்கிறதுக்கு அப்படி ஒரு பேர் இல்லை. அந்த நகரத்தில் 15 வருஷம் கடந்த வணிக வாகனங்கள் ஓடக்கூடாதுன்னு 2008ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்குப்படி கடைசியாக 2014ல் பதிவான வண்டிக்கும் 2029ல் நேரம் முடியுது. அன்னைக்கு டிரைவர் கையில மிஞ்சுறது பழைய இரும்பு விலை.

சரி, கம்பனி விழாம எழுந்து நின்னுட்டா டிரைவர் தப்பிச்சுக்குவாரா? அதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு. லண்டனின் கறுப்பு டெக்சியைச் செய்த மங்கனீஸ் பிரோன்ஸ் கம்பனி, ஸ்டியரிங் கோளாறுக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்து, 2012 ஒக்டோபரில் திவால் நிர்வாகத்துக்குள் போனது. 2013ல் சீனாவின் ஜீலி சுமார் 1 கோடியே 10 இலட்சம் பவுணுக்கு அதை வாங்கி, கொவன்ட்ரிக்குப் பக்கத்தில் புதுத் தொழிற்சாலை கட்டி, பேட்டரியில ஓடுற புது டெக்சியைக் கொண்டுவந்தது. நகரத்தின் காத்துக்கு நல்லது. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கும் நல்லது. ஆனா அந்த வண்டியின் ஆரம்ப விலை 55,000 பவுணைத் தாண்டினது. ஊபரோட போட்டி போட்டு வருமானம் குறைஞ்ச அதே நேரத்துல, லண்டன் டிரைவர் இந்தக் கடனையும் எடுக்கணும். கம்பனி பிழைச்சாலும் தவணை டிரைவரோடதுதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

மஸ்கெலியாவின் பழைய டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில இருக்கு. கடும் வரட்சியில தண்ணி வத்தினா கோயில் தெரியும். அந்த டவுன்ல நின்னது "ஹயரிங் கார்" என்பாங்க பெரியவங்க, ஒஸ்டினும் மொரிஸ் மைனரும். 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்டதால், இங்கிலாந்தில் எப்பவோ ஓய்ஞ்ச அந்தக் கார்கள் நம்ம மலையில இன்னும் பல வருஷம் ஏறி இறங்கினது. வேற வழியில்லாததால ஆயுள் நீண்டது. அம்பாசிடரோட அதே கதை, சின்ன அளவில.

1977க்குப் பிறகு கதவு திறந்தது, த்ரீவீல் வந்தது. இன்னைக்கு நாட்டில் பதிவான த்ரீவீல் 11 இலட்சத்துக்கு மேல. அதில் மிகப் பெரும்பாலானவை ஒரே கம்பனியின் வண்டி, பஜாஜ். டிவிஎஸ், பியாஜியோ இருக்கு, ஆனா "பஜாஜ்" என்ற சொல்லே வண்டிக்குப் பேராகிப்போன இடங்களும் உண்டு. நம்ம மேல் டிவிஷன் ரோட்டுக்குப் பஸ் வராது. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைவலி வந்தா, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக லயத்துல முதல்ல தட்டுறது த்ரீவீல் அண்ணனோட கதவை. ஏழு மணிக்கு டியூஷன் முடிஞ்சு தேயிலைக்காட்டு வழியா தனியா நடக்க முடியாத எங்க தங்கச்சிமார் வீடு வர்றதும் அதுலதான். சிவனொளிபாதமலை சீசன்ல, டிசம்பர்ல இருந்து மே வரைக்கும், நல்லதண்ணி ஹயர்தான் வருஷத்துச் சேமிப்பு. அம்பாசிடர் கொல்கத்தாவுக்கு என்னவோ, அதைவிடக் கூடவே த்ரீவீல் எங்களுக்கு.

ஆனா கடந்த பத்து வருஷத்துல என்ன நடந்ததுன்னு வரிசையாப் பாருங்க. 2017ல் த்ரீவீலுக்கான லீசிங்கை வண்டிப் பெறுமதியில் 25 வீதத்துக்கு மட்டுப்படுத்தினாங்க. மிச்சம் 75 வீதத்தைக் கையில வச்சிருக்கிற தோட்டத்துப் பையன் யார்? அம்மாவோட ஈபிஎஃப், அக்காவோட நகை, வட்டிக்காரர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்னது. பழைய வண்டியின் விலை, அதைப் புதுசா வாங்கின நாள் விலையையே தாண்டினது. வச்சிருந்தவங்களுக்குச் சொத்து மாதிரி தெரிஞ்சது, புதுசா இறங்கினவங்களுக்கு மலை மாதிரிக் கடன். 2021ல்தான் எத்தனையோ வருஷப் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத்து நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவானது. வண்டி விலையையும் அந்த ஆயிரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அடுத்தது 2022. கியூஆர் முறை வந்த புதுசுல த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். மஸ்கெலியாவுல இருந்து நோர்வூட் வழியா ஹட்டனுக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். நம்ம ஏத்தத்துல 5 லீற்றருக்கு ரெண்டு, மிஞ்சினா மூணு தடவை போய் வரலாம். வாரம் முழுக்க அவ்வளவுதான் தொழில். பெற்றோல் இல்லன்னு தவணை நிக்கலை. எங்க நாலு வீட்டுல ஒரு வீட்டு வண்டியை அந்த வருஷம் லீசிங் ஆட்கள் வந்து எடுத்துட்டுப் போனாங்க. தவணையில முக்கால்வாசி கட்டி முடிச்ச வண்டி அது. ஒரு டெக்சி "சரிவு" என்றால் எங்க பார்வையில இதுதான், தொழிற்சாலைக் கேட்டுல ஒட்டுற அறிவித்தல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே லயத்து வாசல்ல நடந்துடுது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திரும்பத் திறந்தது. இனிப் போட்டி வரும். ஏற்கனவே ஓல்டோ கார் ஹயருக்கு ஓடுது. சாமானுக்கு டிமோ பட்டா. கொழும்புல 2015லேயே பிக்மீயும் ஊபரும் வந்து கட்டணத்தைப் போன்ல காட்டப் பழக்கிடுச்சு, சீசனுக்கு வர்ற கொழும்புக்காரங்க அந்தக் கணக்கோடதான் நம்ம ஆட்கள்கிட்டப் பேரம் பேசுறாங்க. மின்சார த்ரீவீலும் வருது, பெற்றோல் வண்டியை பேட்டரிக்கு மாத்துற முன்னோட்ட வேலைகளும் நாட்டில் நடக்குது. இதெல்லாம் வேணாம்னு நாங்க சொல்லலை. புகை குறையட்டும், செலவு குறையட்டும். ஆனா நல்லதண்ணி ஏத்தத்துல நாலு பேரையும் மூட்டையையும் வச்சுக்கிட்டு பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும்? பத்துக் காம்பரா லயத்துல, ஏற்கனவே பல்பு மினுங்குற கரண்டுல, ராத்திரி எத்தனை வண்டி சார்ஜ் போடலாம்? இதைக் கேக்குற ஆள் கொழும்புல இருக்க மாட்டார். நாமதான் கேக்கணும்.

ஸ்டேண்ட் சங்கங்கள் நம்ம ஊர்ல ஏற்கனவே உண்டு. மரண உதவி, சீட்டு, கோயில் திருவிழா உபயம், வரிசை ஒழுங்கு, இதெல்லாம் நல்லா நடத்துறாங்க. அதே சங்கத்துக்கு இன்னும் மூணு வேலை இருக்குன்னு நாங்க நினைக்கிறோம். ஒன்னு, லீசிங் பேரத்தைத் தனி ஆளா இல்லாம கூட்டாப் பேசுறது. எரிபொருள் தட்டுப்பாடு மாதிரி டிரைவர் கையில இல்லாத காரணத்தால தொழில் நின்னா, தவணையும் அபராத வட்டி இல்லாம நிக்கணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைக்கிறது. ரெண்டு, வண்டி மாறும்போது பழைய வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளாம மாத்திக்கிற வசதியை அரசாங்கத்துக்கிட்டக் கேக்குறது. மூணு, நம்ம பாஸ்மாருக்கும் கராஜ்ல கை உதவிக்கு நிக்கிற பையன்களுக்கும் மின்சார வண்டி வேலையை ஹட்டன் பக்கத்திலேயே சொல்லிக்குடுக்க ஒரு பயிற்சி கேக்குறது. உத்தர்பாராவுல கேட் மூடின பிறகு கேட்டாங்க, அப்போ பேச ஆள் யாரும் மிச்சமில்லை.

இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரே, உங்க வீட்டுல யாராவது இந்த வருஷம் த்ரீவீல் எடுக்கப் போறாங்கன்னா, கையெழுத்துக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து மூணு விஷயம் பாருங்க. தவணை முடியிற வருஷத்துல இந்த வண்டிக்கு என்ன விலை இருக்கும்? ரெண்டு மாசம் ஹயர் இல்லன்னா என்ன நடக்கும்னு அந்தப் பேப்பர்ல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? அந்தப் பக்கம் நமக்குப் புரியிற தமிழ்ல இருக்கா? மூணுல ஒன்னுக்குப் பதில் இல்லன்னாலும், பேனையைக் கீழ வச்சுட்டு முதல்ல ஸ்டேண்டுக்குப் போய் நாலு பேர்கிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க.